பயணத்தின் நடுவே ஒரு ரியாலிட்டி பந்தயம் குறுக்கிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘தி அமேசிங் ரேஸ்’, ‘ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்’ மாதிரியான நிகழ்ச்சிகளை செட் போட்டு எடுப்பதில்லை. ரயில் நிலையம், சந்தை, கோயில் வாசல், படகுத்துறை என்று நாம் லீவு போட்டுச் சுற்றிப் பார்க்கப் போகிற இடங்கள்தான் அவற்றின் களம். அதனால் எப்போதாவது ஒருநாள் அந்தப் பந்தயமும் நாமும் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்துவிடுகிறது. அப்படி நேர்ந்தவர்களும், நேர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

முதலில், அமேசிங் ரேஸ் என்றால் என்ன? நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2001 செப்டம்பர் 5-ல் தொடங்கிய நிகழ்ச்சி. பெர்ட்ராம் வான் மன்ஸ்டரும் எலிஸ் டோகனியேரியும் உருவாக்கியது. தொகுப்பாளர் ஃபில் கியோகன். இரண்டிரண்டு பேராகப் பெரும்பாலும் பதினொன்றோ பன்னிரண்டோ அணிகள் கிளம்பும். கணவன் மனைவி, அப்பா மகள், அண்ணன் தம்பி, பழைய சிநேகிதர்கள் என்று எல்லா விதமும் உண்டு. நாடு நாடாகப் போய், உறையில் இருக்கும் குறிப்பைப் படித்து, சொன்ன வேலையை முடித்து, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தரையில் விரித்த ஒரு பாய்மேல் ஃபில் நிற்பார். கடைசியாக வந்து சேரும் அணி பெரும்பாலும் வீட்டுக்குப் போகும். கடைசிவரை தாக்குப்பிடித்து முதலில் வருகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர்.

ரியாலிட்டி போட்டி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருதை இது பத்து முறை வாங்கியிருக்கிறது. நம் பக்கத்தில் ஏஎக்ஸ்என் சேனல் வந்த காலத்தில் ராத்திரி விழித்து இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதே சேனல் 2006-ல் ‘அமேசிங் ரேஸ் ஏசியா’வையும் தொடங்கியது. கனடா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று தனித்தனிப் பதிப்புகளும் உண்டு. கனடா பதிப்பு 2013-லிருந்து வருகிறது. பெரும்பாலும் அந்த நாட்டுக்குள்ளேயே ஓடும். அதனால் டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

எல்லா ரியாலிட்டி ஷோவும் இப்படி வழியில் கண்ணில் படுமா?

படாது. ‘சர்வைவர்’ வகையெல்லாம் ஆள் புழங்காத தீவில், வேலி போடாத குறையாக எடுக்கப்படுவது. 2021-ல் அர்ஜுன் தொகுத்து வழங்கிய ஜீ தமிழின் ‘சர்வைவர்’ சான்சிபாரில் நடந்தது. அந்தச் சமயத்தில் நீங்கள் அங்கே சுற்றுலா போயிருந்தாலும் போட்டியாளரோடு தோள் உரசியிருக்க வாய்ப்பில்லை. பிக் பாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பயணப் பந்தயங்கள் மட்டும்தான் விதிவிலக்கு. வழிப்போக்கர்கள் இல்லாவிட்டால் அவற்றுக்குக் கதையே இல்லை. பிபிசியின் ‘ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்’ 2019-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை ஓடித் தொடங்கியது. அதில் விமானம் கிடையாது, போன் கிடையாது, கடன் அட்டை கிடையாது. அதே தூரத்துக்கு விமான டிக்கெட் என்ன விலையோ அந்தப் பணம்தான் மொத்தச் செலவுக்கும். காசு தீர்ந்தால் வழியில் வேலை பார்த்துச் சாப்பிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் தயவு இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

யூடியூபர்கள் நடத்தும் ‘ஜெட் லேக்: தி கேம்’ (2022 முதல்) இன்னொரு ரகம். பெரும்பாலும் கையில் பிடித்த கேமராவும் போனும்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறவரை வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறார் என்று நினைத்து நீங்கள் தூங்கிப்போகலாம்.

இது சினிமா ஷூட்டிங் இல்லை, பந்தயம்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சினிமா என்றால் ஜெனரேட்டர் வேன், கேரவன், விளக்கு, கூட்டத்தை விலக்கும் ஆட்கள், முக்கியமாக ‘ஒன் மோர்’ எல்லாம் இருக்கும். பந்தயத்தில் இவை எதுவும் இருக்காது. முதுகுப்பை மாட்டிய இருவர், அவர்களுக்குப் பின்னால் தோளில் கேமராவோடு ஒருவர், காதில் ஹெட்போனும் இடுப்பில் ஒலிப்பதிவுப் பெட்டியுமாக இன்னொருவர். நால்வரும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். கேமராக்காரர் பல சமயம் பின்பக்கமாக ஓடுவார். போட்டியாளர்களைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்கு வியப்பாக இருக்கும். அவருக்குப் பரிசும் கிடையாது.

டாக்ஸியைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம். முன்சீட்டில் கேமரா பின்பக்கம் திரும்பியிருக்கும், பின்சீட்டில் பையும் சாமானுமாக மூன்று பேர் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அமேசிங் ரேஸ் என்றால் மஞ்சளும் சிவப்பும் கலந்த கொடி, அதே நிறத்தில் குறிப்புப் பெட்டி. வியட்நாமில் மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். மஞ்சளில் சிவப்புக் கோடு என்பது பழைய தென் வியட்நாமின் கொடி. அங்கே அதைப் பொது இடத்தில் நட்டுவைக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள். 2006-ல் ஒளிபரப்பான பத்தாவது சீசனில் அணிகள் ஹனோயிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கின. ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், அணிக்கு ஒருவர் சென்னை நெரிசலில் கார் ஓட்ட வேண்டும். சாலையின் வலப்பக்கத்திலேயே ஓட்டிப் பழகிய அமெரிக்கர்கள், எதிரே பஸ், பக்கத்தில் ஆட்டோ, குறுக்கே சைக்கிள். பயிற்சியாளரின் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவர் தினமும் பார்க்கிற வேலைதான் அது, கேமரா ஒன்றுதான் கூடுதல்.

அப்புறம் இரண்டில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் ஊழியர்களின் உதவியோடு ஒரு முதலையைப் பிடித்து இடம் மாற்றுவது. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அதே பண்ணை. பள்ளிச் சுற்றுலாவில் நம்மில் பாதிப் பேர் போய்வந்த இடம். இன்னொன்று, தெருவில் உட்கார்ந்து மாதிரியைப் பார்த்து அதே போல் வண்ணக் கோலம் போடுவது. விரலிடுக்கில் மாவு இழுக்கத் தெரியாதவனுக்கு முதலையே பரவாயில்லை என்று தோன்றினால் அதில் தப்பு சொல்ல மாட்டேன். அதை வேடிக்கை பார்க்கிற அம்மாக்களுக்குக் கை பரபரக்காமல் இருந்திருக்குமா?

இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. 2025-ல் வந்த ‘ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்’ ஐந்தாவது தொடர் சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி, நேபாளம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, கன்னியாகுமரியில் முடிந்தது. பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தரைவழியாக. ஒரு அம்மாவும் மகனும் ஜெயித்தார்கள். சூரிய உதயம் பார்க்கப் போனவர்களில் யாராவது அன்றைக்குத் தெருவில் ஓடிய வெள்ளைக்காரர்களைப் பார்த்து, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போயிருக்கலாம்.

இந்தியாவின் மற்ற ஊர்களைக் கேட்டால் பட்டியல் நீளும். முதல் சீசனிலேயே டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பிகானேர். எலிகள் ஓடும் தேஷ்நோக் கர்ணி மாதா கோயிலில் வெறுங்காலோடு நடக்க வைத்தார்கள். அதன் பிறகு மும்பை, கேரளம், கொல்கத்தா, லக்னோ, ஜோத்பூர், வாரணாசி எல்லாம் வந்தாயிற்று.

போட்டியாளர் என்னிடம் வந்து வழி கேட்டால் சொல்லலாமா? விதிமீறல் ஆகாதா?

தாராளமாகச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரரிடம் கேட்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அவர்களிடம் போன் இருக்காது, வரைபடம் இருந்தால் உண்டு. நீங்கள் சொல்வதை நம்பித்தான் ஓடுவார்கள்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர்களில் வழி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு நல்ல மனசு இருக்கிறது. அதனாலேயே தெரியாத தெருவுக்கும் ‘நேரா போய் லெஃப்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். சாதாரணப் பயணிக்கு அதனால் பத்து நிமிடம் நஷ்டம். பந்தயத்தில் ஓடுகிறவருக்கு அதுவே ஆட்டத்தின் முடிவாகலாம். நீங்களே அந்த ஊருக்குப் புதிது என்றால், பக்கத்துக் கடைக்காரரைக் கைகாட்டிவிடுவது நல்ல உதவி.

மொழிபெயர்ப்பு பெரிய உதவி. கொரியாவிலோ ஜப்பானிலோ நீங்களும் திணறிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ டாக்ஸிக்காரர் தமிழராக இருந்து, போட்டியாளருக்கு அவர் சொல்வது பிடிபடாமல் விழித்தால், நடுவில் நின்று இரண்டு வாக்கியம் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

போனைக் கேட்டாலும் கொடுக்கலாம். பல எபிசோடுகளில் வழிப்போக்கர் போனை வாங்கி முகவரி தேடியிருக்கிறார்கள். ஆனால் நீங்களே பிடித்துக்கொண்டு தேடிக் கொடுங்கள். ஓட்டத்தில் அவர்கள் போனோடு போய்விட்டால் துரத்துவது உங்கள் தலையில் விழும்.

பணம் கேட்டால்?

அது உங்கள் இஷ்டம். ஒரு காலத்தில் அமேசிங் ரேஸில், கடைசியாக வந்தும் வெளியேறாமல் தப்பித்த அணியிடமிருந்து இருந்த காசையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள். அவர்கள் விமான நிலையத்திலும் தெருவிலும் கையேந்தி அடுத்த கட்டத்தை ஓட்ட வேண்டும். பத்து லட்சம் டாலருக்கு ஓடுகிறவர்கள் ஏழை நாட்டுக்காரர்களிடம் சில்லறை கேட்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள், நல்லதாயிற்று.

ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்டில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் வேலைதான் கேட்பார்கள்: பாத்திரம் கழுவுகிறேன், தோட்ட வேலை செய்கிறேன், சோறும் தங்க இடமும் கொடுங்கள் என்று. சிலர் வேலையே வாங்காமல் சாப்பாடு போட்டு அனுப்பியதும் உண்டு.

கேமராக்காரரிடம் ‘என்ன ஷோ?’ என்று கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. அவர் ஓடிக்கொண்டிருப்பார். போட்டியாளருக்குக்கூட அவர் உதவி செய்யக் கூடாது; தப்பான தெருவில் திரும்பினாலும் வாயைத் திறக்காமல் கூடவே திரும்ப வேண்டும். ஒதுக்குப்புறமாக வாக்கி டாக்கியோடு நிற்கும் உள்ளூர் உதவியாளர்கள்தான் பேசுவார்கள். அவர்களும் ‘ஒரு டாக்குமென்டரி’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். வற்புறுத்தாதீர்கள், வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் நிபந்தனை.

அங்கேயே நின்று மற்ற அணிகளையும் பார்க்கலாமா?

பொறுமை இருந்தால் பார்க்கலாம். டிவியில் நாற்பது நிமிடத்தில் பரபரவென்று முடிகிற விஷயம் நேரில் பெரும்பாலும் காத்திருப்புதான். முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் நடுவே பல மணி நேரம் இடைவெளி விழுவதுண்டு.

மலேசியாவில் ஒரு படகுத்துறையில் நான் பார்த்தது இது. டிக்கெட் கவுன்டருக்கு எதிரே ஒரு நிறம் தீட்டிய பெட்டி, அதைக் காவல் காக்கிற மாதிரி குடை பிடித்த ஒரு பையன். பையன் பொட்டலம் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டான், போனைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். இரண்டு படகு போய் வந்தது. என்னோடு வந்தவர்கள் ‘இதுக்கா வந்தோம்’ என்று முறைத்தார்கள். சரி கிளம்பலாம் என்று எழுந்தபோது இரண்டு பெண்கள் எங்கிருந்தோ ஓடி வந்து, உறையைக் கிழித்து, மூச்சு வாங்க உரக்கப் படித்து, நேர் எதிர்த் திசையில் ஓடினார்கள். பழம் விற்ற அம்மா கையை நீட்டி ‘அந்தப் பக்கம் இல்லை’ என்று மலாயில் கத்தினார். கேமராக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நால்வரும் அதே வழியில் திரும்பி ஓடி வந்து படகில் ஏறிவிட்டார்கள். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். பையன் மறுபடி பொட்டலத்தைப் பிரித்தான்.

நிற்பது என்றால் ஓரமாக நில்லுங்கள். பெட்டியைத் தொடாதீர்கள், அதை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கொடியோடு செல்ஃபி எடுக்கிற ஆசையில் நாலு பேர் சுற்றி நின்றால், ஓடி வருகிறவருக்குப் பெட்டி கண்ணில் படாது. டாக்ஸி பிடித்து அவர்களைத் துரத்துவது வேண்டவே வேண்டாம்.

படம், வீடியோ எடுக்கலாமா? உடனே இன்ஸ்டாகிராமில் போடலாமா?

பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுப்பதை அநேகமாக யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த ஊர்ச் சட்டம், அந்த இடத்தின் விதி இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கோயில்களிலும் விமான நிலையப் பகுதிகளிலும் கேமராவே கூடாது.

போடுவதுதான் கேள்வி. போட்டியாளர்கள் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள். வெளியேறிய அணியைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல், பந்தயம் முடியும்வரை ஒரு இடத்தில் தங்க வைப்பார்கள். ஊருக்குத் திரும்பிவிட்டால் தோற்றது தெரிந்துவிடுமே. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, உங்களைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனாலும் என் கருத்து, ஒளிபரப்பாகும்வரை வைத்திருங்கள் என்பதுதான். இந்த நிகழ்ச்சிகளுக்கு விடாப்பிடியான ரசிகர் கூட்டம் உண்டு. உலகம் முழுக்க யார் எங்கே பார்த்தார்கள் என்று பொறுக்கிச் சேர்த்து, எந்த அணி எந்த நாடு வரை வந்தது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கடைசிக் கட்டங்களில் எடுத்த ஒரு படம் போதும், பாதிப் பேர் தோற்றுவிட்டார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். எடுத்த படத்தில் ஆளில்லாத கொடி மட்டும் இருந்தாலும், அதே நேரத்தில் இருப்பிடத்தோடு போட்டால் ஷூட்டிங் நடக்கிற இடத்தில் கூட்டம் சேரும். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பீற்றிக்கொள்வதற்குத் தடையில்லை. ஆனால் நம் குடும்பக் குழுவில் போட்டது எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் டிவியில் வருவேனா?

சும்மா நின்றதற்கு வந்தால், அரை நொடி மங்கலாக. பேசியிருந்தால், உதவியிருந்தால் வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் உதவியாளர் ஒருவர் ஓடி வந்து ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் முகத்தை மறைத்துவிடுவார்கள் அல்லது காட்சியையே வெட்டிவிடுவார்கள். குழந்தைகள் படத்தில் விழுந்தால் பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். சில இடங்களில் ஆளுக்கு ஆள் படிவம் நீட்டாமல், ‘இங்கே படப்பிடிப்பு நடக்கிறது, உள்ளே வந்தால் சம்மதித்ததாக அர்த்தம்’ என்று ஒரு அறிவிப்பை வாசலில் ஒட்டியிருப்பார்கள். படத்தில் வர விருப்பமில்லை என்றால் அந்தக் காகிதத்தைத் தாண்டிப் போகாமல் இருப்பதுதான் வழி.

விமான நிலையத்தில் பார்க்க முடியுமா?

ஒரு காலத்தில் அங்கேதான் அதிகம் பார்க்க முடிந்தது. கவுன்டர் கவுன்டராக ஓடி ‘இதைவிட முன்னால் போகிற விமானம் இருக்கிறதா’ என்று கெஞ்சுவார்கள். போட்டியாளர் இருவரோடு கேமரா, சவுண்ட் ஆட்களுக்கும் சேர்த்து நான்கு சீட் கிடைத்தால்தான் ஏற முடியும் என்பதால் கவுன்டரில் இருப்பவருக்கும் தலைவலிதான். 2020 பிப்ரவரியில் கொரோனாவால் முப்பத்து மூன்றாவது சீசன் பாதியில் நின்றது. 2021 செப்டம்பரில் தனி விமானம் அமர்த்தி மீதியை எடுத்தார்கள். முப்பத்தைந்தாவது சீசனில்தான் மறுபடி சாதாரண விமானங்களுக்குத் திரும்பினார்கள். ஆக இப்போது உங்கள் பக்கத்து சீட்டில் போட்டியாளர் உட்கார மறுபடி வாய்ப்பு உண்டு. தூங்க விடுங்கள், அவர்களுக்குக் கிடைக்கிற தூக்கம் அதுதான்.

அந்த இடத்தை அவமதிக்கிற மாதிரி ஏதாவது நடந்தால் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். தயாரிப்புக் குழு எல்லாம் விசாரித்துத்தான் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டாவது சீசனில் ஹனோயில், வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சிதைவு நினைவிடத்தைப் பந்தயத்தின் ஒரு நிறுத்தமாக வைத்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர்கள் கொதித்தார்கள், 2013 மார்ச்சில் சிபிஎஸ் ஒளிபரப்பிலேயே மன்னிப்புக் கேட்டது. இவ்வளவும் எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்த பிறகு. செருப்புக் காலோடு சன்னதிக்குள் ஓடுகிறார்கள் என்றால் போட்டியாளரோடு மல்லுக்கட்டாமல், வாக்கி டாக்கி வைத்திருப்பவரிடமோ கோயில் ஊழியரிடமோ சொல்லுங்கள். போட்டியாளருக்குப் பெரும்பாலும் அது என்ன இடம் என்றே தெரியாது.

முன்கூட்டியே தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க வழி உண்டா?

நம்பகமான வழி இல்லை. தேதியும் வழியும் வெளியே விட மாட்டார்கள். ஒரு ஊரில் பெரும்பாலும் ஓரிரு நாள்தான் இருப்பார்கள், செய்தி பரவுவதற்குள் அடுத்த நாட்டில் இருப்பார்கள். இதற்காக டிக்கெட் போடாதீர்கள்.

நான் பார்த்தது எந்த எபிசோடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படமெடுத்த தேதி உங்கள் போனில் இருக்கும். அதிலிருந்து பெரும்பாலும் சில மாதங்கள், சமயங்களில் அதற்கும் மேல் கழித்துத்தான் ஒளிபரப்பாகும். முதல் சீசனையே 2001 வசந்தகாலத்தில் எடுத்து செப்டம்பரில்தான் காட்டினார்கள். புதிய சீசன் அறிவிக்கும்போது போகப்போகிற நாடுகளின் பெயரைப் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் நாடு அதில் இருந்தால் போட்டியாளர் படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உடுப்பும் முதுகுப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நாட்டுப் பதிப்பு என்று குழப்பமாக இருந்தால், அவர்கள் பேசிய ஆங்கிலமோ வேறு மொழியோ நினைவிருக்கிறதா என்று யோசியுங்கள். அந்த எபிசோடு வந்து முடிந்த பிறகு, வைத்திருந்த படத்தை ஊர்ப் பெயரோடு தாராளமாகப் போடலாம்.